குளிர்காலத்தில் பால் பைத்தான்: கண்ணாடித் தொட்டியின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைப்பது

ஜனவரி மாதத்தில் ரொறன்ரோ வீடொன்றில் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு) வளர்க்கத் தொடங்குபவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு தலையிடி வந்துவிடும். காலையில் தொட்டிக்குள் தண்ணீர் தெளித்தால் ஈரப்பதமானி 70 காட்டும். மத்தியானம் பார்த்தால் 30. மறுபடி தெளித்தால் ஏறும், மறுபடி இறங்கும். இப்படியே சில வாரம் போனபின் பாம்பு சட்டை உரிக்கும். தலையிலிருந்து வால்வரை ஒரே துண்டாகக் கழன்று வரவேண்டிய சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து வரும். வால் நுனியிலும் கண்ணுக்கு மேலும் பழைய தோல் ஒட்டிக்கொண்டு நிற்கும். கடையில் போய்க் கேட்டால் இன்னும் பெரிய தெளிப்பான் ஒன்றை எடுத்துத் தருவார்கள்.

தெளிப்பானை வாங்காதீர்கள். தொட்டிக்குள் போகும் தண்ணீர் அநேகமாகப் போதுமானதாகத்தான் இருக்கும். அது வெளியேறும் வழி திறந்து கிடக்கிறது. முதலில் அந்த வழியை அடைத்துவிட்டு, பிறகு தண்ணீரைப் பற்றி யோசிக்கலாம். கீழே சொல்லும் வேலைகளின் வரிசையும் அதனால்தான் இப்படி இருக்கிறது.

பாம்பு எப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறது

பால் பைத்தான் செனகலிலிருந்து உகாண்டாவரை மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலும் விளைநிலங்களிலும் வாழ்கிறது. உலகச் சந்தைக்கு அது பெரும்பாலும் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்துதான் போனது. ஆப்பிரிக்கா என்றதும் பலர் பாலைவனத்தை நினைத்துக்கொண்டு தொட்டியில் காய்ந்த மரச்சீவலைப் போட்டுவிடுகிறார்கள். இந்தப் பாம்பு பகல் முழுவதும் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் கிடக்கும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை இதற்கு அச்சொட்டாகப் பொருந்தும். சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று வீசி வெளியில் எல்லாம் காய்ந்து போகும் மாதங்களிலும், மண்ணுக்கடியில் ஈரம் இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அந்தப் புற்றைத்தான்: அடியில் ஈரம், மேலே காய்வு, ஒரு பக்கம் வெப்பம், மறுபக்கம் குளிர்ச்சி, இரண்டு பக்கமும் ஒளிய இடம்.

எண்களாகச் சொன்னால்: சூடான பக்கத்தில் பாம்பு படுக்கும் இடத்தின் மேற்பரப்பு 31 முதல் 33 பாகை செல்சியஸ். குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. இரவில் 24க்குக் கீழே போக விடாதீர்கள். பாம்பு இருக்கும் எந்த இடமும் 35ஐத் தாண்டக்கூடாது. ஈரப்பதம் குளிர்ந்த பக்கத்தில் 60 முதல் 70 சதவீதம்.

"குளிர்ந்த பக்கத்தில்" என்று சொன்னதைக் கவனியுங்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் விளங்கும்.

சூடாக்கினால் ஏன் காய்கிறது

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும். ஈரப்பதமானி காட்டும் சதவீதம் காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை நேரடியாகச் சொல்வதில்லை. அந்த வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் எவ்வளவு இருக்க முடியுமோ, அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. காற்று சூடாக ஆக அந்த அதிகபட்சம் கூடும். ஒரு கன மீட்டர் காற்றில் 22 பாகையில் சுமார் 19 கிராம் நீராவி இருக்க முடியும். 32 பாகையில் சுமார் 34 கிராம்.

இப்போது வெளியே சைபருக்குக் கீழே 10 பாகை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குளிரில் காற்று முழு ஈரமாக இருந்தாலும் கன மீட்டருக்கு 2.4 கிராம் அளவுதான் நீராவி. அது வீட்டுக்குள் வந்து 22 பாகைக்குச் சூடானால் ஈரப்பதம் 12 சதவீதம் ஆகிவிடும். நாம் சமைப்பதும் குளிப்பதும் மூச்சு விடுவதும் அதைக் கொஞ்சம் உயர்த்தி 25, 30க்குக் கொண்டுவருகின்றன. அந்த 30 சதவீதக் காற்று தொட்டிக்குள் போய் விளக்கின் கீழ் 32 பாகைக்குச் சூடாகும்போது அதே நீராவி 17 சதவீதம்தான். வெப்பக்காற்று மேலே எழுந்து வலைமூடி வழியாக வெளியேற, அதன் இடத்துக்கு அறையின் காய்ந்த காற்று உள்ளே வரும். விளக்கு எரியும்வரை இது நிற்காது. நீங்கள் தெளிக்கும் தண்ணீர் இந்தப் புகைபோக்கி வழியாகத்தான் போகிறது.

இன்னொரு குழப்பமும் இதில் தீரும். ஒரே தொட்டியில் குளிர்ந்த பக்கம் 60, சூடான பக்கம் 43 என்று காட்டினால் பயப்படத் தேவையில்லை. 26 பாகையில் 60 சதவீதமாக இருக்கும் அதே காற்று 32 பாகைக்குப் போனால் 43 தான் காட்டும். சூடான பக்கத்து எண்ணைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் குளிர்ந்த பக்கம் சேறாகிவிடும்.

முதல் வேலை: இடமும் மூடியும்

வளர்ந்த பாம்புக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டி வசதியானது. முன்பக்கம் திறக்கும் தொட்டி நல்லது. மேலே இருந்து வரும் கையைப் பாம்பு பருந்தைப் போலத்தான் பார்க்கும். யன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். குளிர்காலத்துத் தாழ்ந்த வெயில் ஒரு மணி நேரம் கண்ணாடியில் நேராக விழுந்தாலே உள்ளே அடுப்புதான். வெப்பக்காற்று வரும் தரைத்துளைக்கு மேலேயும் வேண்டாம். பேஸ்மென்டில் வைப்பவர்கள் தொட்டியை நேரே தரையில் வைக்காமல் மேசையில் ஏற்றுங்கள்.

அடுத்தது வலைமூடி. விளக்கு உட்காரும் இடத்தையும், எதிர்முனையில் ஒரு சிறு பகுதியையும் விட்டு மீதியை அடைத்துவிடுங்கள். மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் காற்றோட்டத்துக்குப் போதும். ஹாட்வெயர் கடையில் காற்றுக்குழாய்களுக்கு ஒட்டும் அலுமினிய நாடா கிடைக்கும். அதை மூடியின் வெளிப்பக்கத்தில் மட்டும் ஒட்டலாம். அளவாக வெட்டிய அக்ரிலிக் தகடு இன்னும் சுத்தமாக இருக்கும், ஆனால் விளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள், சூட்டில் வளைந்துவிடும். ஈரத்துண்டை மூடிமேல் விரிப்பது பரவலாகச் சொல்லப்படும் யோசனை. துண்டு சில மணி நேரத்தில் காய்ந்துவிடும்; காய்ந்த துண்டு விளக்குப் பக்கம் நகர்ந்தால் நெருப்பு. நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மூடிக்குக் கொக்கியோ பூட்டோ கட்டாயம். இந்தப் பாம்பு மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்து, ஒரு விரல் இடைவெளி கிடைத்தாலும் போய்விடும். வீட்டில் அம்மம்மா இருந்தால் இதன் அவசியத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கண்ணாடி வெப்பத்தை வேகமாக வெளியே விடும். ஆகவே பின்பக்கத்திலும் இரண்டு பக்கவாட்டிலும் வெளியே ஓர் அங்குலத் தடிப்புள்ள நுரைப்பலகையை ஒட்டுங்கள். விளக்கு குறைந்த வேலை செய்யும், காற்றும் குறைவாகக் காயும். மூன்று பக்கமும் மறைந்திருப்பதால் பாம்பும் பதற்றமில்லாமல் சாப்பிடும். இவ்வளவும் செய்தபிறகு பலருடைய தொட்டிகளில் ஈரப்பதப் பிரச்சினை பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

சூடு: விளக்கைவிட முக்கியமானது தெர்மோஸ்டாட்

தெர்மோஸ்டாட் (சூட்டை அளந்து, குறித்த அளவில் நிறுத்திவைக்கும் கருவி) இல்லாத எந்த வெப்பக் கருவியையும் மின்சாரத்தில் இணைக்காதீர்கள். காசு குறைவாக இருந்தால் அலங்காரச் செடிகளை, அழகான மரக்கட்டைகளை, தொட்டியின் அளவைக்கூடக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள். தன் தோல் வேகும்போதும் பாம்பு விலகாமல் கிடந்துவிடலாம். கட்டுப்பாடில்லாத ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு) 50 பாகையைத் தாண்டக்கூடியது; அதன்மேல் அசையாமல் படுத்துக் கிடந்து வயிற்றுச் செதில்கள் வெந்துபோன பாம்புகளை ஊர்வன மருத்துவர்கள் தொடர்ந்து பார்க்கிறார்கள். சூடேறும் கல் என்று விற்பதும் இதே கதைதான், அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

மேலிருந்து வரும் வெப்பமே இந்தத் தொட்டிக்குப் பொருத்தம். மூன்று வகைகள் பாவனையில் உண்டு. ஹாலஜன் விளக்கு வெளிச்சமும் உடம்புக்குள் இறங்கும் வெப்பமும் தரும், பகலுக்கு மட்டும். செராமிக் ஹீட்டர் வெளிச்சம் தராது, பெரும்பாலும் காற்றையும் மேற்பரப்பையும் சூடாக்கும், அதனால் காயவைப்பதும் அதிகம். டீப் ஹீட் புரொஜெக்டர் இரண்டுக்கும் நடுவில்: வெளிச்சம் கிட்டத்தட்ட இல்லை, உடம்பை நன்றாகச் சூடாக்கும், இரவும் பகலும் எரியலாம். புதியவர் ஒன்றே ஒன்று வாங்குவதானால் நான் இதைத்தான் சொல்வேன், கூடவே பகல் வெளிச்சத்துக்கு 12 மணி நேரம் எரியும் சாதாரண எல்ஈடி. இரவுக்கு என்று விற்கும் சிவப்பு, நீல பல்புகள் வேண்டாம்; பாம்புக்கு அந்த வெளிச்சமும் தெரியும்.

தெர்மோஸ்டாட்டிலும் வகை உண்டு. ஹாலஜனுக்கும் டீப் ஹீட் புரொஜெக்டருக்கும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை வேண்டும். அணைத்து அணைத்து எரிக்கும் வகையில் பூட்டினால் ஹாலஜன் மினுக்கி மினுக்கிப் பாம்பையும் உங்களையும் பைத்தியமாக்கிவிட்டு, தானும் சீக்கிரம் போய்விடும். செராமிக் ஹீட்டருக்கு அந்த மலிவான வகை போதும். ஆனால் அதைப் பீங்கான் தாங்கியில்தான் மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் தாங்கி உருகும்.

வாட் எவ்வளவு? அறை 21 பாகையில் இருக்கும்போது தெர்மோஸ்டாட் பாதியிலிருந்து முக்கால் வலுவில் ஓடி 32ஐப் பிடிக்க வேண்டும். பெரிய வாட் வாங்கிவைத்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். தெர்மோஸ்டாட்டின் உணரி (சூட்டை அளக்கும் முனை) ஒருநாள் பழுதானால் அந்தக் கூடுதல் வாட் முழுவதும் பாம்பின்மேல்தான் இறங்கும்.

உணரியை வைக்கும் இடம்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம். சூடான பக்கத்தில், பாம்பின் முதுகு வரும் உயரத்தில், பாம்பு தள்ளமுடியாதபடி இறுகக் கட்டுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்துக்கு எட்டாத இடமாக இருக்க வேண்டும். உணரி தண்ணீரில் விழுந்தால் அது குளிர்ச்சியையே காட்டிக்கொண்டிருக்கும், தெர்மோஸ்டாட் முழு வலுவில் எரித்துக்கொண்டே இருக்கும். கட்டுவதற்குப் பிளாஸ்டிக் கட்டு நாடா அல்லது சூட்டுப் பசை. தொட்டிக்குள் ஒட்டுநாடா எந்த வகையிலும் வேண்டாம். ஈரத்தில் அது கழன்று பாம்பின் உடம்பில் ஒட்டும். பிரிக்கும்போது தோலோடு வரும்.

தொட்டிக்கு அடியில் ஒட்டும் ஹீட் மேட் பற்றிக் கேட்பீர்கள். அடுத்துச் சொல்லப்போகும் 10 சென்டிமீட்டர் அடிமண்ணோடு அது சேராது. மண் வெப்பத்தை மேலே விடாமல் பிடித்துவைத்துக் கண்ணாடியைக் கொதிக்கவைக்கும், பாம்பு தோண்டிக்கொண்டு அந்தக் கொதிப்பில் போய்ப் படுக்கும்.

அளக்கும் கருவிகள்

கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் கருவிகளை நம்பாதீர்கள். டிஜிட்டல் வெப்ப ஈரப்பதமானி இரண்டு வாங்குங்கள், பக்கத்துக்கு ஒன்று, அடிமண்ணுக்குச் சற்று மேலே.

வாங்கியதும் ஒரு சோதனை. ஒரு சிறு மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் ஈரச் சேறாக இருக்கும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விடுங்கள். அதையும் ஈரப்பதமானியையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் காற்றுப் புகாமல் மூடி ஓர் இரவு விட்டால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 70 காட்டினால் அது ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று மூடியில் எழுதி ஒட்டிவையுங்கள்.

மேற்பரப்பு வெப்பம் பார்க்க அகச்சிவப்புத் துப்பாக்கி ஒன்றும் தேவை. கதவைத் திறந்துதான் அளக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்று குறிபார்த்தால் அது கண்ணாடியின் வெப்பத்தைத்தான் சொல்லும், உள்ளே இருக்கும் கல்லின் வெப்பத்தை அல்ல.

ஈரம்: மேலே தெளிக்காமல் கீழே ஊற்றுவது

அடிமண்ணுக்குத் தேங்காய்த் தும்புத் தூள் (கொக்கோபீட்) நல்லது. ஊர்வனக் கடையில் சிறு கட்டிகளாக விலைகூட்டி விற்பார்கள். தோட்டக்கடையில் உரம் கலக்காத 5 கிலோ கட்டி ஒன்று எடுத்தால், தண்ணீரில் ஊறி 60, 70 லீட்டராகப் பெருகும். 4 அடிக்கு 2 அடித் தொட்டிக்கு 10 சென்டிமீட்டர் உயரம் நிரப்பக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வேண்டும். கட்டியைத் திருப்பிப் பார்த்தால் இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்ததாக இருக்கும். அதனோடு தேங்காய்மட்டைத் துண்டுகளையும் கலந்தால் மண் இறுகாது. தேவதாரு, பைன் மரச்சீவல் வேண்டாம். அவற்றின் வாசனை எண்ணெய் ஊர்வனவற்றின் மூச்சுக்கு ஆகாது.

பதம் எப்படி இருக்க வேண்டும் என்றால், பிட்டுக்கு மா குழைப்பதைப் போல: கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிழிந்து தண்ணீர் சொட்டினால் கூடிவிட்டது, தட்டில் பரப்பிக் கொஞ்சம் உலரவிடுங்கள்.

நிரப்பியபின் மேற்பரப்பு ஓரிரு நாளில் காய்ந்துவிடும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். பாம்பு வயிறு படும் இடம் உலர்ந்திருக்க வேண்டும், ஈரம் அடியில் இருந்து மெதுவாக ஆவியாக வேண்டும். எண் 60க்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது, நான்கு மூலைகளிலும் கண்ணாடியை ஒட்டி மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தொடக்கத்தில் மொத்தம் அரை லீட்டர், மறுநாள் எண்ணைப் பார்த்துக் கூட்டலாம். ஒழுங்காக மூடிய தொட்டிக்கு வாரம் ஒருமுறை, சில வேளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். அகலமான தண்ணீர்ப் பாத்திரத்தைச் சூடான பக்கத்துக்கு அருகே நகர்த்தினால் இன்னும் ஐந்து சதவீதம் அளவில் ஏறக்கூடும். குழாயில் நீர்ப்புகை விடும் ஃபாகர் கருவிகள் தேவையில்லை. அவற்றைக் கழுவாமல் விட்டால் உள்ளே வளரும் கிருமியை நேரே பாம்பின் மூச்சுக்குள் ஊதிவிடும். தண்ணீர் தெளிப்பது சட்டை உரிக்கும் நாட்களில் ஒரு கைகொடுப்பாக இருக்கலாம், ஆனால் எரியும் ஹாலஜன் பல்பில் தண்ணீர் பட்டால் வெடிக்கும்.

முதல் சில வாரங்களில் வெண்பூஞ்சை முளைக்கும். மேல்மண்ணைக் கிளறி விடுங்கள். ஸ்பிரிங்டெயில் என்ற மிகச் சிறு பூச்சிகளை வாங்கிப் போட்டால் அவை பூஞ்சையைத் தின்று தீர்க்கும்.

கண்ணாடியில் பனிப்படலம் படிந்தால் உடனே "ஈரம் கூடிவிட்டது" என்று முடிவெடுக்காதீர்கள். 27 பாகை, 65 சதவீதம் உள்ள காற்று 20 பாகைக்குக் குளிர்ந்த எதிலும் நீராகப் படியும். இரவில் உங்கள் அறை 18க்குப் போனால் முன்கண்ணாடி வியர்க்கும். கருவி சொல்வதை நம்புங்கள். காலையில் படிந்து பத்து மணிக்குள் மறைந்தால் கவலையில்லை. நாள் முழுவதும் வழிந்துகொண்டிருந்தால் மூடியில் அடைத்ததைக் கொஞ்சம் பிரியுங்கள்.

பாம்பு இல்லாமல் ஒரு வாரம்

எல்லாம் பூட்டியபின் பாம்பைக் கொண்டுவர ஒரு வாரம் பொறுங்கள். காலை, மாலை, நடு இரவு என்று எண்களைக் குறித்து வையுங்கள். நடு இரவு எண்தான் முக்கியம், அப்போதுதான் வீட்டுச் சூடு குறைக்கப்படும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு நாள் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். விளக்கையும் மூடியையும் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆனியில் வெளியே புழுக்கம் ஏறும்போது மூடியைக் கொஞ்சம் திறந்தும், ஐப்பசியில் ஹீட்டர் ஓடத் தொடங்கும்போது மறுபடி அடைத்தும், வருடத்துக்கு இரண்டு முறை இதைத் திருத்த வேண்டிவரும்.

பாம்பைக் கொண்டுவருமுன் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ரொறன்ரோவில் வளர்ந்தபின் 3 மீட்டரைத் தாண்டும் பாம்பினங்களுக்குத் தடை. பால் பைத்தான் பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள் நின்றுவிடும். பக்கத்து நகரத்தில் விதி வேறாக இருக்கலாம். இந்தியாவில் இதை வைத்திருப்பவர்கள், 2022 இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும்.

பாம்பு காட்டும் அறிகுறிகள்

கண் பால்போல் மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது. சில நாட்களில் கண் தெளியும், அதற்குப் பிறகு இன்னும் சில நாட்களில் உரிக்கும். கண் மங்கியதும் ஈரத்தை 70க்குக் கொண்டுபோங்கள். மூடியுள்ள ஒரு பெட்டிக்கு வாசல் வெட்டி, பிழிந்த ஈரப்பாசியை உள்ளே போட்டு வைத்தால் பாம்பு தானாகப் போய்ப் படுக்கும். ஒட்டிய கண்தோலை நகத்தால் உரிக்க முயலாதீர்கள். அடுத்த உரிப்பிலும் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

வயிற்றுச் செதில் பழுப்பாகி, கொப்புளம் வந்தால் மேல்மண் ஈரமாக இருக்கிறது. மூச்சில் சீறல், மூக்கில் குமிழி, வாயைத் திறந்தபடி தலையை உயர்த்தி வைத்திருப்பது எல்லாம் சுவாசத் தொற்றின் அடையாளம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் இது வரும். ஈரம் 65 இருந்தும் குளிர்ந்த பக்கம் 22க்கு இறங்கும் தொட்டிகளில்தான் பெரும்பாலும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. நாள் முழுக்கத் தண்ணீர்ப் பாத்திரத்தில் கிடந்தால் சூடு கூடிவிட்டதா என்று முதலில் பாருங்கள், அடுத்து உண்ணி.

கரண்ட் போனால்

2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவின் பல பகுதிகளுக்கு நத்தார் நாளிலும் மின்சாரம் வரவில்லை. அப்படி ஒரு நாளுக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருங்கள். தொட்டிமேல் கம்பளம் போர்த்தி, காற்றுக்குச் சிறு இடைவெளி விடுங்கள். சுடுநீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி, பாம்பு விலகிப் போக இடமிருக்கும்படி ஒரு பக்கத்தில் மட்டும் வைத்து, ஆறும்போது மாற்றுங்கள். நீண்டு போனால் பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு, வாயை முடிந்து, உங்கள் சட்டைக்குள் அல்லது போர்வைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளலாம்; உங்கள் உடம்புச் சூடு அதற்குப் போதும். வீட்டுக்குள் கரி அடுப்பு, காஸ் அடுப்பு மூட்ட வேண்டாம், அதன் நச்சு வாயு பாம்புக்கு முன் உங்களைக் கொல்லும். இரை கொடுக்காதீர்கள், சூடில்லாமல் செரிக்காது, கக்கிவிடும். மின்சாரம் திரும்பியதும் தெர்மோஸ்டாட்டை ஏற்றி வைத்து அவசரப்படுத்தாமல், வழக்கமான அளவிலேயே விட்டு, இரண்டு நாள் எண்கள் சரியாக நின்றபின் இரை கொடுங்கள்.